இரண்டு தட்டினால் சாட்சி

ஒரு தட்டினால் காபி, இரண்டு தட்டினால் சாட்சி. எங்கள் பத்திர அலுவலகத்தில் எழுதி வைத்த சட்டங்கள் அலமாரி நிறைய இருந்தன. எழுதி வைக்காத இந்தச் சட்டத்தைத்தான் யாரும் மீறியதில்லை.

என் மேஜை ஜன்னலோரம். மர ஸ்கேலை எடுத்து ஜன்னல் கம்பியில் ஒரு முறை தட்டினால், கீழே மாடிப்படி ஓரம் அடுப்பு வைத்திருக்கும் அபு தன்னூஸ் காபியோடு மேலே வருவார். இரண்டு முறை தட்டினால் காபியை அடுப்பிலேயே விட்டுவிட்டு, பக்கத்தில் செருப்புத் தைக்கும் மித்ரியையும் இழுத்துக்கொண்டு வருவார். முன்னே பின்னே பார்த்திராத ஆளைக் காட்டி, இவரை எனக்கு நன்றாகத் தெரியும், இன்னார் மகன் இன்னார் என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவார். மித்ரி கைநாட்டு வைப்பார். இறங்கிப் போவதற்குள் காபி பொங்கி வழிந்திருக்கும்.

நிலமோ வீடோ கை மாறும்போது, எதிரே நிற்பவர் அந்த ஆள்தான் என்று இரண்டு ஆண்கள் சொல்ல வேண்டும். பெண் சொன்னால் செல்லாது. பதினோரு வருஷமாக அந்த மாவட்டத்தின் வேலி, வரப்பு, கிணறு எல்லாம் என் கையெழுத்தில்தான் பதிவேட்டில் ஏறின. யாருடைய ஆலிவ் தோப்பு யாருடைய சுவரில் முடிகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் நான் பிறந்த தெருவில் பிறந்த ஒருத்தியைக் காட்டி 'இவளை எனக்குத் தெரியும்' என்று நான் சொன்னால் அது வெறும் காற்று. மித்ரிக்குக் கையில் இருப்பது இடது கால் செருப்பா வலது கால் செருப்பா என்று தடவிப் பார்த்தால்தான் தெரியும். அவருக்குச் சட்டப்படி ஊரில் எல்லோரையும் தெரியும்.

இதை நானும் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தவள்தான், அறுபத்து மூன்றாம் வருஷத்து அந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

சிரிப்பு வராத ஒன்றும் இருந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு பழைய தலைமை அதிகாரி ஓய்வு பெற்றார். அடுத்த இடம் எனக்குத்தான் என்று நான் நினைத்தேன், அலுவலகமும் நினைத்தது. தலைநகர் பெய்ரூத்திலிருந்து கடிதம் வந்தது. சாட்சியாக நிற்கத் தகுதியில்லாத ஒருவர் சாட்சிகளை விசாரிக்கும் பதவியில் எப்படி அமர்வது என்று கேட்டிருந்தார்கள். அந்தக் கடிதத்துக்கு நகலெடுத்துக் கோப்பில் வைத்ததும் நான்தான். பதவி ஃபுவாதுக்குப் போனது. வேலைக்கு வந்த புதிதில் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தோப்பைத் தேடியவர் அவர். பக்கத்தில் உட்கார வைத்து வடக்கு எது தெற்கு எது என்று சொல்லிக்கொடுத்தேன். கெட்டவர் இல்லை. நாற்காலி மாறியதும் நான் அவரை மரியாதையாக உஸ்தாத் என்றேன், அவர் என்னை மத்மஸேல் என்றார். முப்பத்தாறு வயதிலும் கல்யாணமாகாத மத்மஸேல். வீட்டில் கட்டிலோடு கிடக்கும் அம்மா, பிரேசிலுக்குப் போய்ப் புகைப்படம் மட்டும் அனுப்பும் அண்ணன். வேலையை உதறிவிட்டு வர எனக்கு வசதி இல்லை.

முன்தஹா என் தெருக்காரி. இல்யாஸின் மூன்றாவது மகள். மூன்றாவதும் பெண் என்றதும் அவள் அப்பா, இத்தோடு முடியட்டும் என்று வைத்த பெயர் அது. முடிவு என்றுதான் அர்த்தம். பெயர் பலித்து அடுத்து நஜீப் பிறந்தான். அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டே அவள் பள்ளிக்கூடம் வருவாள். கன்னியாஸ்திரீகள் பள்ளியில் அவள் கையெழுத்துத்தான் முதல். என் கிறுக்கலைப் பார்த்துவிட்டு மக்ரீனா சிஸ்டர் அவள் நோட்டை என் முன்னால் வைத்து, இதைப் பார்த்து எழுது, இதே மாதிரி எழுது என்று இரண்டு வருஷம் என்னை வதைத்தார். இன்றைக்கும் அனீஸா, உன் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று யாராவது என்னிடம் சொன்னால் அது அவள் எழுத்துதான்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதே பள்ளியில் சின்னப் பெண்களுக்குத் தையலும் எழுத்தும் சொல்லிக்கொடுத்தாள். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவை ஆறு வருஷம் தூக்கி எடுத்தாள். அக்காமார் இரண்டு பேரும் பிரேசிலில், சாவோ பாவ்லோவில் இருந்தார்கள். அப்பா இறந்ததும் எங்களுக்கு எதுவும் வேண்டாம் என்று கடிதம் எழுதிவிட்டார்கள். பெண்கள் அப்படித்தான் எழுத வேண்டும், எழுதாவிட்டால் ஊர் கேட்கும், உன் அண்ணன் தம்பியை விடவா உனக்குச் சொத்து பெரிது என்று. ஆனால் அதற்கு நாலு வருஷம் முன்பே சட்டம் மாறியிருந்தது. எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் பெண்ணுக்கும் ஆணுக்கும் சம பங்கு. அந்த அரசாணையை அறிவிப்புப் பலகையில் ஒட்டியவளும் நான்தான்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்து கோயில் வாசலில் கோதுமைப் பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தபோது முன்தஹா என்னைத் தனியே இழுத்தாள். பெய்ரூத்துக்காரன் ஒருவன் அந்த வீட்டையும் பின்பக்கத் தோப்பையும் கேட்கிறானாம், கோடைக்கால ஹோட்டல் கட்ட. மொத்தமாகக் கொடுத்தால்தான் வாங்குவானாம். நஜீப் அவளை விட்டுக்கொடுத்து எழுதச் சொல்லியிருக்கிறான்.

"முடியாதுன்னுட்டேன் அனீஸா. அவன் பாதியை அவன் விக்கட்டும். நான் படுக்கிற சுவர் என்னோடது. அதையும் குடுத்துட்டு நான் யார் வீட்டுத் திண்டுல தலை வைக்கிறது?"

நல்லது செய்தாய் என்றேன். அவள் கையெழுத்தில்லாமல் ஒன்றும் நடக்காது என்றும் சொன்னேன். பத்திர அலுவலகத்துக்காரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கூட்டம் அதிகம். ஆலிவ் பறிப்பு தொடங்கும் முன் எல்லோருக்கும் எல்லாம் எழுதியாக வேண்டும். ஒன்பதரை மணி வாக்கில் ஃபுவாத் ஒரு கோப்பை என் மேஜையில் போட்டு, விடுதலைப் பத்திரம், சாட்சியைக் கூப்பிடுங்கள் என்றார். நான் தலையைத் தூக்கவில்லை. இடது கை தானாகப் போய் ஸ்கேலை எடுத்து இரண்டு தட்டுத் தட்டியது. பிறகுதான் கோப்பைப் பிரித்தேன்.

பங்கை விட்டுக்கொடுப்பவர்: முன்தஹா, இல்யாஸின் மகள். பெறுபவர்: நஜீப், இல்யாஸின் மகன்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, அவள் மேல். போன வாரம் அப்படிப் பேசினாளே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மனதை மாற்றிக்கொண்டாளே என்று. தலையைத் தூக்கினேன். நஜீப் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் ஒரு பெண், கறுப்பு உடை, கறுப்பு முக்காடு மூக்கு வரைக்கும் இறங்கியிருந்தது. துக்கத்தில் இருக்கும் பெண்ணை முகத்தைக் காட்டு என்று எங்கள் பக்கம் யாரும் கேட்க மாட்டார்கள். நஜீபுக்கு அது தெரியும்.

அதற்குள் அபு தன்னூஸும் மித்ரியும் வந்து, வழக்கம்போல் தெரியும் தெரியும் என்று தலையாட்டி முடித்திருந்தார்கள். மேஜையில் அடையாள அட்டை கிடந்தது. அதில் ஒட்டியிருந்தது பத்து வயதுச் சிறுமியின் மங்கிய படம். கையெழுத்தா கைநாட்டா என்று ஃபுவாத் கேட்டார்.

"கைநாட்டுதான் உஸ்தாத். அக்காவுக்கு எழுத்து வராது" என்றான் நஜீப்.

மைப்பெட்டிக்கு நீண்ட கையைப் பார்த்தேன். இருபது வயதுக் கை. பழுது இல்லாத வழவழப்பான விரல்கள். முன்தஹாவின் விரல் நுனியெல்லாம் ஊசி குத்தித் தடித்திருக்கும். முக்காட்டுக்குள் குனிந்து பார்த்தேன். நஜீபின் மனைவியுடைய தங்கை, அவன் கல்யாணத்தில் பார்த்த முகம். இரண்டு மலை தாண்டிய ஊர்க்காரி. பயந்து போய் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"உஸ்தாத், இது முன்தஹா இல்லை" என்றேன்.

நஜீபின் காது சிவந்தது. ஃபுவாத் என்னைப் பார்க்காமல் அபு தன்னூஸைப் பார்த்து இது யார் என்று கேட்டார். இல்யாஸின் மகள் முன்தஹா என்றார் அவர். மித்ரியிடம் கேட்டார். மித்ரி கதவிருக்கும் திசையைப் பார்த்து அதையே சொன்னார்.

நான் விடவில்லை. ஒரே தெரு, ஒரே பெஞ்சு என்றேன். அவள் எழுத்தைப் பார்த்துத்தான் நான் எழுதக் கற்றுக்கொண்டேன், அவளுக்கு எழுத வராதாம் என்றேன். நஜீபுக்கு அதற்குள் தைரியம் வந்துவிட்டது.

"மத்மஸேலுக்கு வீட்ல சண்டை போட ஆள் இல்ல. அதான் அடுத்த வீட்டுச் சண்டையை வாடகைக்கு எடுக்கிறாங்க."

வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். கட்டைவிரல் காகிதத்தில் பதிந்தது. தங்கச்சிக்காரி விரலை முக்காட்டில் துடைத்துக்கொண்டு ஓடாத குறையாகப் படியிறங்கினாள்.

ஃபுவாத் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினார்.

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். நானும் நம்புறேன். நம்பி நான் என்ன பண்றது? என்கிட்ட ரெண்டு சாட்சி இருக்கு. உங்க வார்த்தையை நான் எந்தக் கட்டத்துல எழுதறது, சொல்லுங்க?"

அந்தப் படிவத்தில் அப்படியொரு கட்டம் கிடையாது. எனக்குத் தெரியாதா? அச்சுக்கு அனுப்பும்போது பிழை பார்த்ததே நான்தான்.

பதிவேட்டை ஒன்றரை மணிக்கு மூடுவது வழக்கம். அதுவரைக்கும் காத்திருப்பதாகச் சொன்னார். அதற்குள் அவளைத் தெரிந்த இரண்டு ஆண்கள் வந்து சொன்னால் நிறுத்திவிடுகிறேன், அதற்கு மேல் என்னால் முடியாது என்றார். அதுவே பெரிய உபகாரம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. நன்றி கூடச் சொன்னேன். நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பள்ளிக்கு ஓடினேன். முன்தஹா வகுப்பில் இருந்தாள், ஒரு குட்டிப் பெண்ணின் கையைப் பிடித்து எழுத வைத்துக்கொண்டு. சொன்னேன். அவள் கத்தவில்லை. அந்தக் குழந்தையின் எழுத்தை முடிக்க விட்டு, தாளில் மை ஒற்றியெடுத்த பிறகுதான் எழுந்தாள். மக்ரீனா சிஸ்டர் ஒரு கேள்வியும் கேட்காமல் அங்கியைச் சுருட்டிக்கொண்டு கூடவே வந்தார். வழியில் மருத்துவச்சி உம் பொத்ரோஸ் எங்கே இப்படி ஓடுகிறீர்கள் என்று கேட்டாள், கேட்டுவிட்டு அவளும் சேர்ந்துகொண்டாள். எங்கள் தெருவில் ஐம்பது வயதுக்குக் கீழே இருந்த அத்தனை பேரையும் வெளியே எடுத்தவள் அவள். நாலு பெண்கள் மூச்சு வாங்கப் படியேறினோம். இனி என்ன, ஆளே நேரில் வந்துவிட்டாளே என்று எனக்கு ஒரு தெம்பு.

நஜீப் தனியாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அக்கா துக்கத்தில் அழுதாள், வீட்டுக்கு அனுப்பிவிட்டேன் என்று முன்பே சொல்லி வைத்திருந்தான். படியேறி வந்த அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். பழக்கம், அவனை அறியாமல் எழுந்துவிட்டான். பிறகு உட்கார்ந்துகொண்டான்.

"நஜீப், வீட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்றாள் முன்தஹா.

அவன் ஃபுவாதைப் பார்த்தான்.

"இந்தம்மா யாருன்னு எனக்குத் தெரியாது உஸ்தாத்."

முன்தஹாவின் இடது கை இடுப்புக்குப் போய், அங்கே ஏதோ கனத்தைப் பிடித்திருப்பது போல மடங்கியிருந்தது. அவனைத் தூக்கித் தூக்கிப் பழகிய கை. வீடு போனது ஒன்றரை மணிக்கு. அவளுக்குத் தம்பி போனது பதினொன்றேகாலுக்கு.

உம் பொத்ரோஸ் வாய் சும்மா இருக்கவில்லை. "உன்னையும் நான்தான்டா எடுத்தேன், இவளையும் நான்தான் எடுத்தேன். இவ தலை முதல்ல வந்துச்சு, உனக்குக் கால் முதல்ல வந்துச்சு. அன்னைக்கே தெரிஞ்சிருக்கணும்" என்றாள். பிறகு ஃபுவாதின் பக்கம் திரும்பினாள். "எழுதிக்கோ தம்பி. இவ முன்தஹா. பொறந்த நிமிஷத்துல பார்த்தவ சொல்றேன். அந்த அறையில எந்த ஆம்பளை இருந்தான், சாட்சி சொல்றதுக்கு?"

ஃபுவாதுக்கு முகம் சங்கடத்தில் கோணியது. அம்மா உட்காருங்கள், காபி சொல்லட்டுமா என்றார். மக்ரீனா சிஸ்டர் பள்ளி வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டலாமா என்று கேட்டார். அது அரசாங்கப் பத்திரம் இல்லையாம். முன்தஹா ஒரு தாளை இழுத்துத் தன் பெயரை எழுதிக் காட்டினாள். அத்தனை அழகான எழுத்தை அந்த மேஜை அதற்கு முன்பு பார்த்ததில்லை. ஃபுவாத் அதை எடுத்துப் பார்த்தார், கீழே வைத்தார். இது முன்தஹாவின் எழுத்து என்று சொல்ல யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, மெய்யாகவே கேட்டார். நாங்கள் நாலு பேரும் அவர் எதிரிலேயே நின்றோம்.

ஆக, முன்தஹா முன்தஹாவாக இருப்பதற்கு இரண்டு ஆண்கள் வேண்டும். தேடப் புறப்பட்டோம்.

மளிகைக்கடை ஜிர்ஜிஸ் அவளுக்குச் சின்ன வயதிலிருந்து மிட்டாய் கொடுத்தவர். கடை வாசலுக்கு வந்து அவள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் எல்லாம் செய்தார். ஆனால் நஜீபின் கதவும் அவர் கதவும் பக்கத்துப் பக்கத்தில் திறக்கின்றனவாம். நாளைக்கு முகத்தில் முழிக்க வேண்டுமாம். பாதிரியார் மிகாயீல் அந்த நேரத்தில் தோட்டத்தில் கீரைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். குடும்ப விஷயம் அரசாங்க மேஜைக்குப் போவதே தவறு என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சமாதானம் செய்கிறேன் என்றார். பதிவேடு இன்றைக்கு மூடுகிறது சாமி என்று நான் சொன்னேன். கர்த்தரின் பதிவேடு மூடுவதில்லை மகளே என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பினார். ரொட்டிக்கடைக்காரன் மாவுக் கையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அப்பா ஊரில் இல்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றான். அவனுக்கு வயது நாற்பத்தைந்து.

பள்ளி வாசல்காவலர் பர்ஹூம் மட்டும்தான் கேட்டவுடன் சாவிக்கொத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். "இருபது வருஷமா காலைல இவங்களுக்குத்தான் முதல் கதவு திறக்கிறேன். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார்.

ஒருவர் கிடைத்தார். இன்னொருவர் வேண்டும். மணி ஒன்று தாண்டிவிட்டது.

அபு தன்னூஸிடம் போனேன். அடுப்பின் முன்னால் குந்தியிருந்தார். அவர் சொன்னதைத் திரும்பப் பெற்றால் போதும், இன்னார் என்று தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கெஞ்சினேன். அவர் காபிப் பாத்திரத்தை இறக்கி வைத்தார்.

"மத்மஸேல், உள்ளதைச் சொல்லட்டுமா? நான் ஆளைப் பார்த்துச் சாட்சி சொல்றதே இல்ல. இதை மாத்திச் சொன்னா, இத்தனை வருஷமா சொன்னதெல்லாம் என்னன்னு கேப்பாங்க. வயசான காலத்துல உள்ள போய் உக்காரணும்."

"ஒரு பொம்பளை தெருவுல நிக்கப் போறா, அபு தன்னூஸ்."

அவர் கரியைக் கிளறினார்.

"நான் யார் முகத்தையும் பார்க்கலம்மா. தட்டின சத்தம் கேட்டுச்சு, வந்தேன். தட்டினது நீங்க."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. பதினோரு வருஷம் நான்தான் தட்டினேன். அவர்கள் ஓடி வருவதைப் பார்த்து நான்தான் சிரித்தேன். எத்தனை பெண்கள் என் முன்னால் கறுப்பு முக்காட்டோடு குனிந்து நின்று கட்டைவிரலை நீட்டினார்கள், அதில் எத்தனை பேர் நிஜமாகவே அவர்கள்தான் என்று அன்றைக்கு அந்தப் படிக்கட்டில் நின்றுதான் முதல் தடவையாக யோசித்தேன்.

மேலே போனபோது பர்ஹூம் சாவிக்கொத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃபுவாத் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஒரு ஆண் படியேறி வர மாட்டானா என்று அவரும் ஏங்கினார் என்றுதான் நினைக்கிறேன். ஒன்றரை அடித்தது. பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் விரித்தார்.

"எழுதுங்க மத்மஸேல்."

நான் பேனாவைத் தொடவில்லை.

"நீங்க எழுதலைன்னா நான் எழுதுவேன். அதோட நீங்க எழுத மறுத்ததையும் பெய்ரூத்துக்கு எழுதணும். உங்கம்மாவை நினைச்சுக்குங்க" என்றார்.

அம்மாவை நினைத்தேன். மருந்துச் சீசாவை, மாற்ற வேண்டிய படுக்கைத் துணியை, பக்கத்து வீட்டுப் பெண் வந்து போகும் நேரத்தை நினைத்தேன். கோழைத்தனத்துக்கு எப்போதும் நல்ல காரணம் ஒன்று வீட்டில் படுத்திருக்கும். பேனாவை எடுத்தேன். முன்தஹா என் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள். உம் பொத்ரோஸ் அவளை இழுத்தாள், வா மகளே, இதையெல்லாம் பார்க்காதே என்று. அவள் வரவில்லை. என் பேனா முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழகா எழுது அனீஸா. என் பேர்தானே" என்றாள்.

எழுதினேன். இல்யாஸின் மகள் முன்தஹா, தன் சொந்த விருப்பத்தின் பேரில், யாருடைய வற்புறுத்தலுமின்றி, வீட்டிலும் தோப்பிலும் தனக்குள்ள பாகத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தாள். அவள் இன்னார் என்பதை இரண்டு சாட்சிகள் உறுதி செய்தார்கள். அவள் நோட்டைப் பார்த்துப் பழகிய எழுத்தில், முத்து முத்தாக எழுதினேன். அன்றைக்கு என் மேல் எனக்கு வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை.

அவள் வழக்குப் போட்டாள். வாய்தா மேல் வாய்தா. வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் நஜீப் விற்றான். பெய்ரூத்துக்காரன் நல்லெண்ணத்தோடு வாங்கியவன், பதிவேட்டை நம்பி வாங்கியவன், அவன் மேல் குற்றமில்லை என்றார்கள். அப்பா படுத்திருந்த அறையை இடித்துச் சமையலறை கட்டினான். நஜீபைச் சிறைக்கு அனுப்பலாம் என்றார் வக்கீல். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். இரண்டு வருஷம் பள்ளியில் ஒரு மூலையில் படுத்துக்கொண்டாள். பிறகு அக்காமார் இருந்த ஊருக்குக் கப்பல் ஏறினாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனாள். அதுதான் தாங்க முடியவில்லை. சொல்லாமல் போயிருக்கலாம். அங்கிருந்து வந்த ஒரு கடிதத்துக்கும் என்னால் பதில் எழுத முடியவில்லை. எந்த எழுத்தில் எழுதுவது?

நான் அதன் பிறகு ஜன்னல் கம்பியில் தட்டவில்லை. சாட்சி வேண்டும் என்றால் ஃபுவாத் தானே எழுந்து போய்க் கூப்பிட்டுக்கொண்டார். இதை வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேலையில் மேலும் இருபத்து நாலு வருஷம் இருந்து, சேர்ந்த இடத்திலேயே ஓய்வு பெற்றேன். உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் ஊரில் பாதி எரிந்தது. அந்தப் பதிவேடு எரியவில்லை.

தொண்ணூற்று மூன்றில் சட்டம் மாறியது. பத்திர அலுவலகத்தில் பெண்ணும் சாட்சி சொல்லலாம் என்று செய்தித்தாளில் நாலு வரி. எனக்கு அறுபத்தாறு வயது, முழங்கால் இரண்டும் போய்விட்டன. மறுநாள் காலையில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அந்தப் படிகளை ஏறினேன்.

என் மேஜையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நகத்துக்குச் சாயம், காதில் வளையம், நல்ல சுறுசுறுப்பு. என்ன வேணும் அத்தை என்று கேட்டாள். பதிவேட்டின் எண்ணைச் சொன்னேன், பக்கத்தைச் சொன்னேன். எடுத்து விரித்தாள். எழுத்தைப் பார்த்ததும், அடடா, யார் எழுதியது, அச்சு மாதிரி இருக்கிறதே என்றாள். விரலை அந்த வரியில் வைத்தேன். இங்கே முன்தஹா என்று எழுதியிருப்பது முன்தஹா இல்லை, எனக்கு அவளைத் தெரியும், சாட்சி சொல்ல வந்திருக்கிறேன், எழுதிக்கொள் என்றேன்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கிழவியை விரட்டுகிற பெண் இல்லை. அந்த முன்தஹா எங்கே என்று கேட்டாள். போன வருஷம் சாவோ பாவ்லோவில் இறந்துவிட்டாள் என்றேன். அவள் பேனாவை மூடி வைத்தாள். முப்பது வருஷம் ஆன விஷயம், இதில் யாருக்கு என்ன மாறும் என்று யோசித்திருப்பாள். என் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று தேடி, கடைசியில் விதிமுறையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒருத்தர் சொன்னா போதாது அத்தை. ரெண்டு சாட்சி வேணும். இன்னொருத்தர் யாரு?"

உம் பொத்ரோஸ் போய்ச் சேர்ந்து இருபது வருஷம். மக்ரீனா சிஸ்டரைச் சண்டைக்கு முன்பே புதைத்தாயிற்று. பர்ஹூமின் பள்ளிக்கூடமே இல்லை. அந்தப் பெண்ணின் மேஜையில் பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்று கிடந்தது. அதை எடுத்து ஜன்னல் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

கீழே அடுப்பு இருந்த இடத்தில் நகலெடுக்கும் கடை வந்திருந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். படியில் யாரும் ஏறி வரவில்லை.